காலிமுகத்திடலிலிருந்து கல்கிசைக்கு இருவராக நடக்க

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை 6 மணிக்குக் கொழும்பின் காலிமுகத்திடலில் நிற்க வேண்டும். 10 மணிக்குள் வெள்ளவத்தைக்கு வந்துவிட வேண்டும். பின்னேரம் 4 மணி வரை வெயிலில் தலை காட்டக் கூடாது. அப்புறம் மீதியை நடந்து, சூரியன் இறங்கும்போது கல்கிசை மணலில் இருக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர்தான், ஆனால் நேரத்தைப் பிழையாக எடுத்தால் அந்தப் பத்தும் முப்பதாகிவிடும்.

காரணம் கட்டடங்கள். கடலோர வீதியான மரைன் டிரைவுக்குக் கிழக்கே நெடுகத் தொடர்மாடிகள் நிற்கின்றன. காலையில் அவற்றின் நிழல் வீதியில் விழும். நடுப்பகல் தாண்டிவிட்டால் சூரியன் கடல் பக்கம் போய்விடும், முகத்துக்கு நேரே அடிக்கும், ஒதுங்க ஒரு மரம் கிடைப்பதும் கஷ்டம். நாங்கள் முதல் தடவை இது தெரியாமல் காலை 10 மணிக்குக் கல்கிசையில் தொடங்கி வடக்கே நடந்தோம். பம்பலப்பிட்டிக்கு வரும்போது என் கணவர் இவருக்குத் தலைசுற்றி, ஸ்டேஷன் வாங்கில் படுக்க வைத்து விசிறினேன். அன்றைக்கு நான் பட்ட பயம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களைப் பற்றி இரண்டு வரி. இவருக்கு 63 வயது, வலது முழங்கால் தேய்ந்திருக்கிறது. எனக்கு 58, சின்ன வயதிலிருந்தே வேக நடை. செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாகக் கதிர்காமத்துக்குப் போகும் பாதயாத்திரையில், உகந்தைக்கு அப்பால் குமண, யால காட்டு வழியையாவது இருவரும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பது எங்கள் நீண்ட நாள் ஆசை. அதற்குப் பழக்கமாகத்தான் கொழும்புக் கரையில் இந்த நடையைத் தொடங்கினோம். இப்போது இது தனக்கென்றே ஒரு நாளாகிவிட்டது.

இருவராக நடப்பதற்கு எங்களிடம் இரண்டு விதிகள் உண்டு. மெல்ல நடப்பவர்தான் முன்னே போக வேண்டும். வேகமானவர் முன்னே போனால் அடிக்கடி நின்று திரும்பிப் பார்ப்பார், பின்னால் வருபவர் அந்தப் பார்வைக்காகவே மூச்சுவாங்க ஓடி வருவார். இவர் ஒருநாள் பின்னாலிருந்து, “இஞ்சாரும், கடல் எங்கேயும் போகாது, மெல்ல நடவும்” என்றார். அன்றிலிருந்து இவர் முன்னே, நான் பின்னே. இரண்டாவது விதி, யார் வாயிலிருந்து “காணும்”, அதாவது போதும், என்ற சொல் வந்தாலும் மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. அடுத்த ஸ்டேஷனில் ரயிலேறி வீடு. இந்தக் கரையின் பெரிய வசதியே அதுதான். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை என்று ஏறக்குறைய இரண்டிரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன். 1895 இல் மாத்தறையை எட்டி, 2019 இல் பெலியத்தை வரை நீண்ட பாதையின் தொடக்கத் துண்டு இது. நோய், முதுமை, பயம் எது இருந்தாலும் ஒரு ஸ்டேஷன் தூரம் நடக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையைத் தெரிவு செய்யுங்கள், வீதியில் புகை குறைவு. மாதம் என்றால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. கடல் கொந்தளிக்கும், தெஹிவளைக்குத் தெற்கே மணல் ஒடுங்கிவிடும். அந்த மாதங்களில் வெள்ளவத்தையோடு நிறுத்திவிடலாம்.

பையில்: ஆளுக்கு ஒரு லீட்டர் தண்ணீர், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புக் கரைசல் பக்கற் ஒன்று, குடை. தொப்பியைவிடக் குடை நல்லது, கழுத்துக்கும் நிழல் தரும், மழைக்கும் ஆகும். பழகிய சப்பாத்தும் பருத்திக் காலுறையும் போடுங்கள், மணலுக்கு ஒரு சோடி இறப்பர் செருப்பைப் பையில் வையுங்கள். புதுச் சப்பாத்தோடு மட்டும் வராதீர்கள். மருந்து எடுப்பவர்கள் மத்தியானக் குளிசையை மறக்க வேண்டாம்.

காலிமுகத்திடலுக்கு 100 ஆம், 101 ஆம் இலக்க பஸ்கள் காலி வீதி வழியே வரும். கடலோர நடைபாதை அரைக் கிலோமீட்டர்தான். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1859 இல் இந்த நடைபாதையை முடித்து, கொழும்பின் பெண்கள், குழந்தைகளின் நன்மைக்காகப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறார். அதை வாசித்துவிட்டு நடந்தால் எனக்கு ஒரு உரிமை வந்த மாதிரி இருக்கும். இதே திடலில்தான் 1956 ஜூன் 5 அன்று தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்கள் அடிபட்டார்கள். 2022 இல் அரசுக்கு எதிராக மாதக்கணக்காக மக்கள் கூடாரமடித்து இருந்ததும் இங்கேதான். வடக்கே துறைமுக நகரம் கடலை அடைத்துவிட்டதால், தெற்கு முனைக்குப் போனால்தான் பழைய அலை கேட்கும். இறால் வடை கடைகளுக்கு அது நேரமில்லை, அதை வேறொரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திடல் முடிந்ததும் கடலோரமாகப் போக வழியில்லை. காலி வீதியால் நடந்து, அலரி மாளிகையைத் தாண்டி, கொள்ளுப்பிட்டியில் கடல் பக்கம் இறங்க வேண்டும். இந்தத் துண்டில் தூதரகங்களும் காவலும் அதிகம். கமெராவைப் பைக்குள் வைத்துவிட்டு விரைவாகக் கடந்துவிடுங்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து மரைன் டிரைவ். வலப்பக்கம் தண்டவாளம், அதற்கப்பால் கருங்கற்கள், அப்புறம் கடல். நிழலுக்காகக் கட்டடப் பக்க நடைபாதையில் போங்கள். இங்கே ஒன்றை மன்றாட்டமாகச் சொல்கிறேன்: தண்டவாளத்தில் நடக்காதீர்கள். ஆட்கள் நடப்பதைப் பார்ப்பீர்கள், படம் எடுப்பதைப் பார்ப்பீர்கள். அது சட்டப்படி குற்றம், அதைவிட, அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது. இரட்டைப் பாதை என்பதால் ஒரு ரயிலுக்கு விலகி நின்றவர் மற்றதில் அகப்படுவார். கடலுக்குப் போக வேண்டுமானால் கடவை உள்ள இடத்தில், இரண்டு பக்கமும் பார்த்து, கைபிடித்துக் கடவுங்கள்.

பம்பலப்பிட்டியில் ஒரு பிளேன்டீ. கழிவறை உள்ள கடையா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். பெண்கள் பலர் இதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள், அதுதான் மயக்கத்துக்கு முதல் காரணம். கால் ஒத்துழைத்தால் காலி வீதிக்கு ஏறிக் கதிரேசன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வரலாம். புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் திருவிழாத் தேர் இவ்வளவு தூரம் வந்து சேருவது இங்கேதான். அந்தத் தேரோடு நடந்த கால்களை நினைத்தால் நம் நடை பெரிதாகத் தெரியாது.

வெள்ளவத்தை வாய்க்காலைப் பாலத்தால் கடந்தால் நம் ஊர். வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் மணல் மேடாகி, இறங்கிக் கடக்கலாம் போலத் தெரியும். இறங்க வேண்டாம். நகரத்துக் கழிவுத் தண்ணீர் அது, காலில் கீறல் இருந்தால் கிருமி ஏறும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, சம்பல் போதும். புரியாணி சாப்பிட்டுவிட்டு மறுபடி நடக்கவே முடியாது. எங்களுக்கு வீடு இங்கே ஒரு ஒழுங்கைக்குள் இருப்பதால் பாய் விரித்துப் படுத்துவிடுவோம். வெளியூரிலிருந்து வருபவர்கள் வெள்ளவத்தையில் உறவினர் ஒருவரையாவது கண்டுபிடித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் 57 ஆம் ஒழுங்கையில், 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அதன் நூலகம் திறந்திருந்தால் அதைவிட நல்ல நிழல் கிடையாது. காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்த இடத்தில் இப்போதே பிளாஸ்டர் ஒட்டினால் கொப்புளம் வராது.

நான்கு மணிக்குப் புறப்பட்டு, தெஹிவளை வரை வீதியாலேயே வாருங்கள், வாய்க்கால் ஒன்று குறுக்கே இருக்கிறது. தெஹிவளையில் மீன் படகுகள் இழுத்து வைத்திருப்பார்கள். அதற்கப்பால் மணல். அலை வந்து திரும்பிய ஈர மணலில் நடங்கள், காலுக்கு உறுதி. சரிவான மணலில் ஒரு கால் மேலும் மற்றது கீழும் மிதிபட்டு இடுப்பு பிடித்துக்கொள்ளும். இவரின் முழங்காலுக்கு இந்தத் துண்டுதான் சோதனை, அதனால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை உட்காருவோம். அப்படி உட்கார்ந்தபோது ஒருநாள் மணலைக் கிளறினால் அரிசி மணி மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் உருண்டைகள். 2021 இல் எரிந்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து வந்தவை அவை. இப்போது ஒரு சின்னப் பை கொண்டுபோகிறோம், உட்காரும் நேரத்தில் இருவரும் பொறுக்குவோம்.

கல்கிசையில் சூரியன் இறங்குவது 6 மணியை ஒட்டி, மாதத்துக்கு மாதம் சற்று முன்பின்னாக இருக்கும். கணுக்கால் வரை நனையலாம். நீந்துவதானால் உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், வெளிச்சம் இருக்கும்போதே. இருட்டிய பிறகு மணலில் நிற்காமல் ஸ்டேஷனுக்கு ஏறிவிடுங்கள். ஞாயிறு மாலை ரயில்கள் குறைவு, நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். தவறினால் காலி வீதியில் பஸ் உண்டு.

ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். தெஹிவளைக்கு அடுத்தது வெள்ளவத்தை. இவர் அதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார், ஸ்டேஷன் வருவதற்குள் எழுப்புவது என் வேலை.