பல நிரல் (column) தரவையும் ஒரே படத்தில் பார்க்க

திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் இறங்கும் மாமாவின் வள்ளக் கணக்கு நாலு வருடத்துக்குச் சேர்ந்திருக்கிறது: மாதம், மண்ணெண்ணெய், ஐஸ், கடலில் நின்ற மணித்தியாலம், பிடித்த கிலோ, விற்ற விலை. எக்செலில் இரண்டிரண்டாக வரைபடம் போட்டேன், ஒன்றும் பிடிபடவில்லை.

இதற்கு நல்ல வழி இணை அச்சு வரைபடம். ஆல்பிரட் இன்செல்பெர்க் 1985இல் விரிவாக எழுதிய முறை. ஒவ்வொரு நிரலும் ஒரு செங்குத்து அச்சு. ஒவ்வொரு நாள் கணக்கும் எல்லா அச்சையும் தொட்டுப் போகும் ஒரு கோடு.

பைதன் நிரலாக்க மொழியில் பிளாட்லி (Plotly) என்ற வரைபட நூலகம் இலவசமாகவே இதைத் தருகிறது. அச்சின் மேல் சுட்டியை இழுத்தால் அந்த எல்லைக்குள் வரும் கோடுகள் மட்டும் நிறத்தோடு நிற்கும், மற்றவை மங்கும். நான் விலை அச்சின் மேல்பகுதியைப் பிடித்தேன். நின்ற கோடுகளில் அநேகமானவை நவம்பர், டிசம்பரில் போய் விழுந்தன. வாடைக்காற்றில் வள்ளங்கள் குறைவாக இறங்கும் மாதங்கள்!

ஒன்றை மறக்க வேண்டாம். பக்கத்துப் பக்கத்து அச்சுகளின் உறவுதான் கண்ணில் படும். அதனால் தலைப்பைப் பிடித்து இழுத்து அச்சுகளை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள். நடுவில் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால், ஒன்று கூடும்போது மற்றது குறைகிறது என்று அர்த்தம்.

தரவு பல்லாயிரம் வரி என்றால் படம் மை கொட்டியது போலாகிவிடும். முதலில் எழுந்தமானமாக 2000 வரி எடுத்துப் பாருங்கள், அப்புறம் சந்தேகம் வந்த பகுதிக்கு மட்டும் முழுத் தரவையும் போடுங்கள். மீன் வகை போன்ற சொற்களை எண்ணாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும்.