பழைய போட்டோவும் பெருசுங்க ஞாபகமும்: ஊர் வரலாற சேர்த்து வைக்கிறது எப்படி

ஊர் வரலாறு சேக்கணும்னு கெளம்புறவங்கள்ல பாதி பேரு மொதல்ல கேக்குறது எந்த ஸ்கேனர் வாங்கலாம்னு தான். அது அவசரமே இல்லைங்க. பொட்டியில கெடக்குற போட்டோ இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும், ஆனா அதுல நிக்கிறவங்க யார் யாருன்னு சொல்லத் தெரிஞ்ச மனுஷனுக்கு வயசு 85. அதனால மொதல்ல ஆளு, அப்புறம் தான் போட்டோ. பேரும் எடமும் தெரியாத ஒரு படத்த நீங்க எவ்ளோ ஷார்ப்பா ஸ்கேன் பண்ணி வெச்சாலும் அது யாரோ எவரோ தான்.

ஒரு நோட்ட எடுத்து யார்கிட்ட எல்லாம் பேசணும்னு லிஸ்ட் போடுங்க, வயசானவங்க, ஒடம்பு முடியாதவங்க பேரு மேல வரட்டும். ஆனா வழக்கமா எல்லா விழாவுக்கும் மைக் புடிக்கிற அந்த நாலு பெரிய மனுஷங்களோட நிறுத்திடாதீங்க. தபால்காரர், ரிட்டையர்டு டீச்சர், பிரசவம் பாத்த அம்மா, தெரு கூட்டுனவங்க, வாடகைக்கு வந்து முப்பது வருஷம் இருந்துட்டவங்க, இவங்களுக்கு ஊரு வேற மாதிரி தெரியும். அந்த காலத்துல போட்டோ எடுக்க காசு வேணும், அதனால ஆல்பத்துல இருக்கறது பெரும்பாலும் வசதி இருந்தவங்க வீட்டு விசேஷமும் ஸ்கூல் குரூப் போட்டோவும் தான், மத்தவங்க எல்லாம் ஓரத்துல பாதி முகமா, பின்னாடி மங்கலா நிப்பாங்க. அந்த பாதி முகத்த பத்தி கேட்டீங்கன்னா தான் நெஜமான வரலாறு வரும்.

ஒருத்தர் வீட்டுக்கு போறப்ப வெறுங்கையோட போய் "உங்க சின்ன வயசுல ஊரு எப்படிங்க இருந்துச்சு"ன்னு கேட்டா "ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா, இப்ப தான் எல்லாம் மாறிப்போச்சு"ன்னு ஒரு வரியில முடிஞ்சிரும். கையில ரெண்டு மூணு பழைய போட்டோ கொண்டு போங்க. 1957-லயே ஜான் காலியர்னு ஒரு ஆய்வாளர், போட்டோவ காட்டி பேட்டி எடுத்தா வர்ற பதில் வெறும் கேள்வி கேட்டு வர்ற பதில விட துல்லியமா இருக்குன்னு எழுதி வெச்சிருக்காரு. செஞ்சு பாத்தா நீங்களே ஒத்துக்குவீங்க, படத்த கையில குடுத்த ஒடனே கண்ணு சுருங்கும், கண்ணாடிய தேடுவாங்க, அப்புறம் வாய் தானா தொறக்கும்.

இங்க தான் நிறைய பேரு கோட்ட விடுற ஒரு எடம் இருக்கு. அந்த பாட்டி போட்டோ மேல வெரல வெச்சு "இவன் தான் அவனோட தம்பி, இவ அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டவ, இதோ இங்க தான் கெணறு இருந்துச்சு"ன்னு அருமையா சொல்லிட்டே போவாங்க, நீங்களும் சந்தோஷமா ரெக்கார்ட் பண்ணிட்டு வந்துருவீங்க, வீட்டுல வந்து கேட்டா "இவன், அவன், இங்க, அங்க" மட்டும் தான் இருக்கும், வெரல் எங்க இருந்துச்சுன்னு ஆடியோவுக்கு தெரியாதே. அதனால போறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு போட்டோவையும் மொபைல்ல எடுத்து சாதா ஏ4 தாள்ல பெருசா ஒரு பிரிண்ட் போட்டுக்கோங்க, ஒவ்வொரு தலைக்கும் மேல பேனாவால 1, 2, 3ன்னு நம்பர் போடுங்க. பேசும்போது நீங்க வாய்விட்டு சொல்லுங்க, "பாட்டி, இப்ப 07-023 போட்டோ பாக்குறோம், முன் வரிசையில இடது பக்கத்துல இருந்து மூணாவது, நம்பர் 3, அவரயா சொல்றீங்க?" கொஞ்சம் கூச்சமா இருக்கும், பத்து நிமிஷத்துல பழகிரும். (07-023ன்னா ஏழாவது வீட்டு கலெக்ஷன்ல 23வது போட்டோ. இதுக்கு மேல சிக்கலான நம்பர் முறை எதுவும் வேணாம், யார் வீட்டு போட்டோன்னு ஒரே பார்வையில தெரிஞ்சா போதும்.)

கேள்வி கேக்குறதும் ஒரு கலை தான். "இது 1965ஆ தாத்தா?"ன்னு கேட்டா "ஆமா ஆமா"ன்னு தலையாட்டிருவாங்க, வந்த புள்ளைய ஏமாத்த வேணாமேன்னு. "இத எடுத்தப்ப நீங்க எங்க வேல பாத்தீங்க, கல்யாணம் ஆயிருச்சா, மூத்த பையன் பொறந்திருந்தானா, வீட்டுக்கு கரெண்டு வந்திருச்சா"ன்னு கேளுங்க, வருஷம் தானா மாட்டும். படத்துக்கு வெளிய என்ன இருந்துச்சுன்னும் கேளுங்க, கேமரா புடிச்சவருக்கு பின்னாடி என்ன இருந்துச்சு, அந்த தெரு எங்க போய் முடியும். ஒரு பேப்பர குடுத்து தெருவ வரைய சொன்னா இன்னும் நல்லது, கோணல் மாணலா இருந்தாலும் யார் வீட்டுக்கு பக்கத்துல யாருன்னு வந்துரும். அவங்க பேச்ச நிறுத்துனா ஒடனே அடுத்த கேள்விக்கு பாயாதீங்க, கொஞ்சம் சும்மா இருங்க, பல நேரம் முக்கியமான சமாச்சாரம் அதுக்கு அப்புறம் தான் வரும். ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனா ஒன்றரை, அதுக்கு மேல பெரியவங்கள ஒக்கார வைக்காதீங்க.

எல்லாரையும் ஒண்ணா கூட்டி வெச்சு பேசலாமேன்னு தோணும். ஜாலியா தான் இருக்கும், ஆனா கூட்டத்துல சத்தமா பேசுற ஒருத்தர் ஒரு வருஷத்த சொல்லிட்டா மத்தவங்க எல்லாம் அதையே புடிச்சுக்குவாங்க, சில பேரு வாயே தொறக்க மாட்டாங்க. மொதல்ல தனித்தனியா, அப்புறம் வேணும்னா கூட்டம்.

ரெக்கார்டிங்குக்கு மொபைலே போதும். ஏரோப்ளேன் மோடுல போடுங்க, ஃபேன், டிவிய நிறுத்த சொல்லுங்க, போன வெறும் மேஜை மேல வைக்காம ஒரு துணிய மடிச்சு அது மேல வைங்க, ஆப்ல வேவ் (WAV) ஃபார்மட், அதாவது சத்தத்த அமுக்காம சேமிக்கிற வகை, இருந்தா அதையே எடுங்க. ஒரு நிமிஷம் டெஸ்ட் பண்ணி கேட்டுட்டு தான் ஆரம்பிக்கணும். ஆரம்பத்துலயே தேதி, எடம், யார் பேசுறாங்க, யார் கேக்குறாங்கன்னு சொல்லிட்டு, "இத பதிவு பண்ணி மத்தவங்களும் கேக்குற மாதிரி வைக்கலாமா, எதாவது பகுதிய வெளிய விட வேணாம்னா சொல்லுங்க"ன்னு அவங்க குரல்லயே சம்மதம் வாங்கிருங்க. அவங்க வேணாம்னு சொன்ன பகுதிய மதிக்கணும், எவ்ளோ சுவாரஸ்யமா இருந்தாலும் சரி. சொந்தக்காரங்க சண்ட, சொத்து தகராறு, யாரு யாரோட ஓடிப்போனாங்க, இதெல்லாம் உயிரோட இருக்கறவங்கள பாதிக்கும்.

இப்ப ஞாபகம் தப்பா இருந்தா என்ன பண்றது? இருக்கும், கண்டிப்பா இருக்கும். இத்தாலியில தெர்னின்னு ஒரு எஃகு ஆலை ஊரு. அங்க 1949 மார்ச்ல ஒரு ஆர்ப்பாட்டத்துல லூயிஜி த்ரஸ்துல்லின்னு 21 வயசு தொழிலாளி போலீஸால கொல்லப்பட்டாரு, நேட்டோன்ற ராணுவக் கூட்டணியில இத்தாலி சேர்றத எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டம். அலெஸாண்ட்ரோ போர்தெல்லின்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் பல வருஷம் கழிச்சு ஊர்க்காரங்க கிட்ட கேட்டப்ப நிறைய பேரு அது 1953-ல, ஆலையில பெரிய ஆட்குறைப்பு நடந்தப்ப நடந்த கலவரத்துலன்னு சொன்னாங்க. அவர் அத தப்புன்னு தூக்கி போடல, எந்த காயம் அந்த ஊருக்கு பெருசா பட்டுச்சுன்னு அதுலயே தெரியுதுன்னு பாத்தாரு. நீங்களும் அப்படியே செய்யுங்க, ரெண்டு பேரு ரெண்டு விதமா சொன்னா ரெண்டையும் எழுதி, யார் சொன்னதுன்னு பக்கத்துல போடுங்க. நீங்களே நீதிபதியா ஒக்காந்து ஒண்ண அழிச்சிராதீங்க.

ஆனா வருஷத்த சரி பாக்க போட்டோவுலயே நிறைய துப்பு இருக்கும். கடை போர்டு, சினிமா போஸ்டர், வண்டி மாடல், கரெண்டு கம்பம், இதெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சு பாருங்க. கலர் படம் மொத்தமா செவப்படிச்சு போயிருந்தா 1960கள், 70கள் பிரிண்டா இருக்க வாய்ப்பு அதிகம், அந்த கால கலர் பேப்பர்ல நீலம் கலந்த சாயம் தான் மொதல்ல வெளுக்கும். வெள்ளை பார்டர்ல மாசம், வருஷம் அச்சடிச்சிருந்தா அது பிரிண்ட் போட்ட தேதி, எடுத்த தேதி இல்ல, ரோல் முடியாம கேமராவுலயே மாசக்கணக்கா கெடந்திருக்கலாம். போர்டுல எழுத்து கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பி இருந்தா நெகட்டிவ மாத்தி வெச்சு பிரிண்ட் போட்டிருக்காங்கன்னு அர்த்தம், அப்ப எடது வலது எல்லாமே தலைகீழ், தெருவ அடையாளம் காணும்போது கவனம்.

சரி, இப்ப ஸ்கேனிங். ஆல்பத்துல இருந்து ஒண்ணையும் உருவாதீங்க, மொதல்ல ஒவ்வொரு பக்கத்தையும் முழுசா படம் எடுங்க, எது பக்கத்துல எது ஒட்டியிருக்குன்றதே ஒரு தகவல். ஒட்டுற ஆல்பத்துல புடிச்சுக்கிட்டு வராத போட்டோவ இழுக்காம, பல்லு சுத்தம் பண்ற நூல அடியில விட்டு மெதுவா அறுத்து எடுக்கலாம், அதுக்கும் வரலன்னா விட்டுருங்க, பக்கத்தோட ஸ்கேன் பண்ணிக்கலாம். ஃப்ரேம் கண்ணாடியோட ஒட்டிப்போன படத்த பிரிக்கவே கூடாது, மேல் தோல் அப்படியே கண்ணாடியோட போயிரும். தூசிக்கு சாஃப்ட் பிரஷ் மட்டும், ஈரத்துணி, ஸ்பிரே எதுவும் கிட்ட வரக்கூடாது.

சாதா பிரிண்டுக்கு 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தன புள்ளின்ற கணக்கு, ஸ்கேனர் செட்டிங்ல இருக்கும்), பாஸ்போர்ட் சைஸ் மாதிரி சின்னதுக்கு 1200, 35 எம்எம் நெகட்டிவுக்கு 3000-க்கு மேல. கருப்பு வெள்ளையா இருந்தாலும் கலர் மோடுலயே ஸ்கேன் பண்ணுங்க, மஞ்சளடிச்சது, கறை, பின்னால எழுதுன மை எல்லாம் அதுல தான் தெரியும். தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலா ஒண்ணு வெச்சுட்டு, பகிர்றதுக்கு சின்ன சைஸ் ஜேபெக் (JPEG) தனியா எடுத்துக்கோங்க. ஸ்கேனர் தானா கலர் திருத்துற ஆட்டோ கரெக்ஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பின்பக்கம்! பின்பக்கத்தையும் கண்டிப்பா ஸ்கேன் பண்ணணும், ஸ்டூடியோ முத்திரை, "அன்பு அக்காவுக்கு"ன்னு ஒரு வரி, பேப்பர் கம்பெனி பேரு, எல்லாம் அங்க தான். நெகட்டிவ் பொட்டிய தொறந்ததும் வினிகர் வாடை அடிச்சா ஃபிலிம் கெட ஆரம்பிச்சிருச்சு, அத தனியா எடுத்து வெச்சு மொதல்ல ஸ்கேன் பண்ணுங்க.

ஸ்கேனர் இல்லன்னா மொபைல் போதும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத வெளிச்சம், ஃப்ளாஷ் ஆஃப், போன் படத்துக்கு நேர் மட்டமா இருக்கணும். கண்ணாடி மினுங்குனா போனுக்கு பின்னாடி ஒரு கருப்பு துணிய புடிச்சா மினுக்கு போயிரும்.

ஏஐ வெச்சு கலர் போட்டு, முகத்த தெளிவாக்கி தர்ற ஆப் நிறைய வந்திருச்சு, பாக்க அழகா தான் இருக்கும். ஆனா அந்த கலரும் ஊகம், அந்த கண்ணு மூக்கும் ஊகம். வீட்டுல மாட்ட வெச்சுக்கோங்க, சேகரிப்புக்குள்ள மட்டும் விடாதீங்க, பத்து வருஷம் கழிச்சு எது நெஜம்னு யாருக்கும் தெரியாம போயிரும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஷீட்ல ஒரு வரி: நம்பர், யாரு, எங்க, எப்போ, யார் வீட்டு போட்டோ, எடுத்தது யாரு, தகவல் சொன்னது யாரு. உறுதியில்லன்னா "சுமார் 1970"ன்னோ பேருக்கு பக்கத்துல கேள்விக்குறியோ போடுங்க, அது அவமானம் இல்ல. ஆடியோவ முழுசா தட்டச்சு பண்ண நேரமில்லன்னா "12:40 வெள்ளம் வந்தது, 31:05 பழைய பாலம்"னு நேரக்குறிப்பாவது எழுதிருங்க, இல்லன்னா அம்பது மணி நேர ரெக்கார்டிங்க எவனும் தொறந்து கேக்கப்போறது இல்ல. அசல் போட்டோவுல எழுதணும்னா பின்னாடி ஓரத்துல, சாஃப்ட் பென்சில்ல, அழுத்தாம. பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விட்டுரும். பிவிசி கவர் வேணாம், பாலிப்ரோபைலீன் கவரோ ஆசிட் இல்லாத பேப்பர் கவரோ வாங்குங்க. பரண்லயும் சமையலறை பக்கத்துலயும் வைக்காதீங்க, சூடும் ஈரமும் தான் எதிரி.

போட்டோ அனுப்ப சொன்னா எல்லாரும் வாட்ஸ்ஆப்ல தான் அனுப்புவாங்க, அது அமுக்கி சின்னதாக்கிரும், டாக்குமெண்ட்டா அனுப்ப சொல்லுங்க. ஃபைல் எல்லாத்துக்கும் மூணு காப்பி, ரெண்டு வித சாதனத்துல, அதுல ஒண்ணு வேற எடத்துல, இது தான் 3-2-1 வழக்கம். ஃபேஸ்புக் குரூப்ல போட்டுட்டு அதையே சேமிப்புன்னு நெனைக்காதீங்க, அட்மின் குரூப்ப அழிச்சிட்டா எல்லாம் போச்சு. ஆனா அங்க வர்ற கமெண்ட் தங்கம், பேரோட தேதியோட காப்பி எடுத்து ஷீட்ல சேத்துக்கோங்க. வெளிய போடறதுக்கு முன்னாடி ஒண்ணு, பல நாட்டுல காப்பிரைட் எடுத்தவருக்கு தான், பிரிண்ட் வெச்சிருக்கவருக்கு இல்ல, ஸ்டூடியோ முத்திரை இருந்தா அந்த குடும்பத்த தேடி ஒரு வார்த்த கேட்டுருங்க.

வாங்குன அசல வாங்குன வரிசையிலயே, சொன்ன நாள்ல திருப்பி குடுங்க, கூடவே ஒரு நல்ல பிரிண்டும் ஆடியோவ பென் டிரைவ்லயும் போட்டு குடுங்க. அத பாத்துட்டு பக்கத்து வீட்டுக்காரங்களே பொட்டிய தூக்கிட்டு வருவாங்க. இத தனியாளா செய்யாதீங்க, இன்னும் ரெண்டு பேருக்காவது, அதுல ஒருத்தர் சின்ன வயசா இருக்கட்டும், பாஸ்வேர்டும் ஷீட்டும் ஹார்ட் டிஸ்க் இருக்கற எடமும் தெரிஞ்சிருக்கணும். முடிஞ்சா ஒரு காப்பிய உள்ளூர் லைப்ரரிக்கோ காலேஜ் வரலாற்று துறைக்கோ, எதெல்லாம் வெளிய விடலாம் எதெல்லாம் கூடாதுன்ற குறிப்போட எழுத்துல குடுத்துருங்க.