வாய் விரிந்த கொக்கியை மூடாதீர்கள்: லோடு கட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் யார்டில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், மஞ்சள் பெயின்ட் அடித்த கொக்கி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "அண்ணே, வாய் விரிஞ்சு கெடந்துச்சு. பட்டறையில குடுத்து மூடிட்டேன். புதுசு மாதிரி ஆயிருச்சு பாருங்க." முகமெல்லாம் பெருமை. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இருபத்தைந்து வயதில் நானும் இதையேதான் செய்தேன். பெயின்ட் நிறம்தான் வேறு.

லோ-பெட் ட்ரெய்லரில் (தளம் தாழ்ந்த ட்ரெய்லர்) பொக்லைனும் ரோலரும் ஏற்றிக் கட்டுவது என் பிழைப்பு. துருப்பிடித்த சங்கிலி, முறுக்கிக்கொண்ட சங்கிலி, விரிசல் விட்ட கண்ணி இவற்றையெல்லாம் எடுக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். தெரிந்தவர்களே செய்கிற தவறுகளைத்தான் சொல்லப்போகிறேன்.

கிராப் ஹூக்கும் ஸ்லிப் ஹூக்கும்

இரண்டும் கொக்கிதான், வேலை வேறு. ஸ்லிப் ஹூக்கின் வாய் அகலம். வளையத்திலோ, ஷேக்கிள் என்கிற U வடிவ இணைப்பிலோ மாட்டுவதற்கானது. கிராப் ஹூக்கின் வாய் ஒரு கண்ணியின் தடிமன் அளவுதான் இருக்கும். ஒரு கண்ணி உள்ளே போனதும் அடுத்த கண்ணி குறுக்கே நின்று பூட்டிக்கொள்ளும். சங்கிலியின் நீளத்தைக் குறைக்க அதுதான் வழி.

கிராப் ஹூக் கைக்குக் கிடைக்காவிட்டால், ஸ்லிப் ஹூக்கைச் சங்கிலி மேலேயே சுற்றி மாட்டிவிடுகிறார்கள். அது பூட்டாது, வழுக்கும். வழுக்கி இறுகும்போது கண்ணி கொக்கியின் விளிம்பில் மடங்கி உட்காரும். கண்ணி நேராக இழுபடத்தான் செய்யப்பட்டது, மடங்கி இழுபட அல்ல. கிராப் ஹூக் வாங்கும்போதும் ஒன்றைப் பாருங்கள்: கண்ணி சாய்ந்து உட்கார இருபுறமும் சிறகு போலத் திண்டு இருக்கிறதா? அந்தத் திண்டு இல்லாத கிராப் ஹூக்கில் சங்கிலியின் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கொக்கியின் முனையில் மாட்டுவது

மாட்டாதீர்கள். அடிவளைவில் உட்காராத கொக்கி மாட்டாத கொக்கிக்குச் சமம்.

விரிந்த கொக்கியைச் சூடுகாட்டி மூடுவது

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சேற்றில் புதைந்த பொக்லைனை லோடு கட்டும் சங்கிலியைப் போட்டே இழுத்தோம். அதுவே முதல் தவறு. வண்டி வெளியே வந்தது, கொக்கியின் வாய் விரிந்துவிட்டது. முன்பு என் கட்டைவிரல் இறுக்கமாக நுழையும் இடத்தில் இப்போது விரல் தாராளமாக ஆடியது. புதுக் கொக்கி வாங்க முதலாளியிடம் காசு கேட்கப் பயம். லாரி நிறுத்தத்தை ஒட்டி ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. பெரியவர் கொக்கியை உலையில் வைத்தார், ஆரஞ்சு நிறத்துக்குப் பழுத்ததும் பட்டடையில் வைத்து நாலு அடி அடித்தார், தண்ணீர்த் தொட்டியில் முக்கினார். 'ஸ்ஸ்' என்று ஆவி பறந்தது. ஐம்பது ரூபாய். வாய் முன்பு இருந்ததைவிட அழகாகவே இருந்தது. நான் சிவப்பு பெயின்ட் அடித்துக்கொண்டேன்.

அடுத்த சில வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒரு நாள் ஓசூர்ப் பக்கமிருந்து இருபது டன் பொக்லைனை ஏற்றிக்கொண்டு சேலம் நோக்கி வந்தேன். தொப்பூர்க் கணவாய் இறக்கம். அந்த ரோட்டை ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வளைவில் பின்னாலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். எப்படியோ ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், இடது பின்பக்கச் சங்கிலி ரோட்டில் தொங்குகிறது, பொக்லைன் அரை அடி நகர்ந்து ஒரு பக்க டிராக் (சக்கரத்துக்குப் பதில் ஓடும் இரும்புப் பட்டை) பலகையை விட்டு வெளியே நிற்கிறது. மற்ற மூன்று சங்கிலியும் தாங்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிரேன் வாடகை, இரண்டு நாள் வண்டி நின்ற நஷ்டம், முதலாளியின் பேச்சு, எல்லாம் என் தலையில். அந்தக் காசில் எத்தனை கொக்கி வாங்கியிருக்கலாம் என்று எண்ணிப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

உடைந்த கொக்கியைக் கையில் எடுத்தேன். அது விரியவே இல்லை. வாய் அப்படியே மூடிய நிலையில், அடிவளைவில் நேராக இரண்டு துண்டு. உடைந்த முகம் கல்கண்டை உடைத்தது போல மினுமினுவென்று பொடிப் பொடியாக இருந்தது. நல்ல கொக்கி அப்படி உடையாது. அளவுக்கு மீறி இழுத்தால் முதலில் வாய் விரியும், விரிந்து நமக்குக் காட்டும். அப்படித்தான் அதைச் செய்கிறார்கள். கிரேடு 80 (உறுதியைச் சொல்லும் தர எண்) கொக்கி அலாய் ஸ்டீல். தொழிற்சாலையில் சூடேற்றி, குளிர்வித்து, மறுபடி குறைந்த சூட்டில் வைத்துப் பதம் பார்த்து எடுப்பது. அந்தப் பதத்தில்தான் உறுதியும் வளையும் குணமும் சேர்ந்து இருக்கின்றன. 400 டிகிரியைத் தாண்டினால் அந்தச் சங்கிலியும் கொக்கியும் கழிவுதான் என்று செய்கிறவர்களே சொல்கிறார்கள். இரும்பு ஆரஞ்சாகப் பழுக்க 800-க்கு மேல் போக வேண்டும். அந்தச் சூட்டிலிருந்து நேரே தண்ணீரில் போட்டால் கண்ணாடி போல் விறைக்கும், காற்றில் ஆறவிட்டால் மெத்தென்று ஆகிவிடும். முதலாவது உடையும், இரண்டாவது மறுபடி விரியும்.

பட்டறைப் பெரியவரைக் குறை சொல்ல மாட்டேன். அரிவாளுக்கும் கடப்பாரைக்கும் துவைச்சல் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நான் கொண்டுபோன இரும்பு அவருடைய இரும்பு அல்ல, அவ்வளவுதான். எனக்கு இன்றும் எரிச்சல் எதில் என்றால், கொக்கி என்னிடம் ஒரு செய்தி சொன்னது. 'என்னை அளவுக்கு மீறி இழுத்தாய், நான் முடிந்தேன்' என்றது. நான் ஐம்பது ரூபாய் கொடுத்து அதன் வாயை மூடினேன். பக்கவாட்டில் கிரேடு 80-ஐக் குறிக்கப் பொறித்த 8 என்ற எண் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்து அதைக் கையில் எடுக்கிறவன் அந்த எண்ணைத்தானே நம்புவான்?

சூடு இல்லாமல் சம்மட்டியால் அடித்து மூடுவதும் இதே கதைதான். கொக்கியின் வாயை மூடும் நாக்கு உடைந்தால் அதற்குப் பதில் கம்பியை வெல்டிங் வைப்பது, வாய் பற்றவில்லை என்று கேஸில் அறுத்து அகலப்படுத்துவது, எல்லாம் ஒரே குடும்பம்.

கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொக்கி வாங்கிய அன்றே வெர்னியரால் வாயை அளந்து நோட்டில் எழுதுங்கள். சில கம்பெனிக் கொக்கிகளில் வாயின் இருபுறமும் புள்ளி பொறித்திருக்கும், அவற்றுக்கு இடையே அளந்தால் போதும். அமெரிக்கத் தரநிலை 5 சதவீதம் விரிந்தாலே கழிக்கச் சொல்கிறது. 30 மில்லிமீட்டர் வாய் 31.5 ஆனால் முடிந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு கொக்கியின் கழுத்திலும் வெள்ளை பெயின்ட்டில் கோடு போடுகிறேன், மூன்றாவது கொக்கிக்கு மூன்று கோடு. நோட்டிலும் அதே எண்.

அந்தப் பையனின் மஞ்சள் கொக்கியை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். அவனுக்குக் கோபம்.

பின்னுக்குப் பதில் போல்ட்

கிளெவிஸ் கொக்கி, குறுக்கே ஒரு பின் (pin) போட்டுச் சங்கிலியோடு இணைப்பது. அந்தப் பின் தொலைந்தால் ஹார்டுவேர் கடை போல்ட் நுழைகிறது. ஆமாம், நுழையும். கம்பெனி பின்னும் அலாய் ஸ்டீல்தான், சங்கிலியோடு சேர்த்துச் சோதித்தது. இருபது ரூபாய் போல்ட் போட்ட நிமிடமே உங்கள் சங்கிலி இருபது ரூபாய்ச் சங்கிலி.

லோடு கட்டும் சங்கிலியால் தூக்குவது

இதில் எண்தான் ஆளை ஏமாற்றும். 10 மில்லிமீட்டர் கிரேடு 80 சங்கிலி அறுவதற்குச் சுமார் 12.6 டன் இழுப்பு வேண்டும். லோடு கட்டும்போது அதில் பாதி, 6.3 டன் வரை கணக்கில் எடுக்கலாம். தூக்கும்போது நாலில் ஒரு பங்கு, 3.15 டன்தான். சங்கிலி அதேதான், ஆனால் தூக்கும் சுமைக்குக் கீழே ஆள் நிற்பான். 'நேற்று ஆறு டன் கட்டினோமே' என்று இன்று ஆறு டன் தூக்கப் போகிறவர்களை நானே இரண்டு தடவை நிறுத்தியிருக்கிறேன்.

கட்டும்போதும் 6.3 பெரிய எண்ணாகத் தெரிய வேண்டாம். பிரேக் அடித்தால் லோடு தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் போகும் என்று வைத்துத்தான் ஐரோப்பியத் தரநிலை கணக்குப் போடுகிறது. இருபது டன் பொக்லைனுக்கு 16 டன். வளைவில் பக்கவாட்டில் எடையில் பாதி. அடியில் இருக்கும் பலகையின் பிடிப்பு கொஞ்சம் தாங்கும். சேறும் ஆயிலும் ஒட்டிய டிராக் என்றால் அதையும் நம்ப முடியாது. ஏற்றுவதற்கு முன் டிராக்கைக் கழுவச் சொன்னால் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்க்கிறார்கள்.

லீவர் பைண்டரில் பைப் சொருகி நெம்புவது

லீவர் பைண்டர் சங்கிலியை இறுக்கும் நெம்புகோல். கை நழுவினால் திருப்பி அடிக்கும். என் சித்தப்பாவுக்கு முன்பல் இரண்டு இல்லை.

துரு எடுக்க ஆசிட்

வேண்டாம். உறுதி கூடிய ஸ்டீலுக்குள் ஆசிட்டிலிருந்து ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கும்படி ஆக்கும். கம்பி பிரஷ் போதும்.

கட்டிவிட்டு மறந்துவிடுவது

பொக்லைன் ஓடத் தொடங்கியதும் பலகையில் அழுந்தி உட்காரும். ஒரு விரல் அழுந்தினாலும் சங்கிலி தளரும். கிராப் ஹூக்குக்குப் பெரும்பாலும் நாக்கு இல்லை, இழுப்பு இருக்கும்வரைதான் அது பிடிக்கும். தளர்ந்து இரண்டு குலுங்கு குலுங்கினால் கழன்று விழுந்துவிடும். அமெரிக்காவில் முதல் 80 கிலோமீட்டருக்குள் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் வேகத்தடைகளுக்கு நான் அதை இருபதாக வைத்திருக்கிறேன். முதல் டீக்கடையில் டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் நாலு சங்கிலியையும் தொட்டுவிடலாம்.

காயலான் கடை

கழித்த கொக்கியை முழுசாகப் போடாதீர்கள். கேஸ் கட்டரில் இரண்டாக அறுத்துப் போடுங்கள். நான் ஒருமுறை சோம்பல்பட்டு அப்படியே போட்டேன். ஆறு மாதம் கழித்துக் கிருஷ்ணகிரி டோல்கேட்டில், எனக்கு முன்னால் கிரானைட் கல் ஏற்றி நின்ற ட்ரெய்லரில் அதைப் பார்த்தேன். கழுத்தில் என் மூன்று வெள்ளைக் கோடு. வாய் மட்டும் அழகாக மூடியிருந்தது.