வாடகை வாகனக்காரர் கடைசி நேரத்தில் கைவிரித்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்குக் கிளிநொச்சியில் இருந்துகொண்டு வாகன ஒழுங்கு செய்து கொடுப்பவன் என்ற வகையில், புதிதாகப் பதிவு செய்பவர்கள் ஒரே தவறுகளில் திரும்பத் திரும்ப விழுவதைக் காண்கிறேன். திகதியை மாறிச் சொல்வது போன்றவற்றை எவரும் தாமாகவே திருத்திக்கொள்வர் என்பதால், அவற்றை இங்கே எழுதவில்லை.

பின்வாங்கியவர் நீங்களே என்று சொல்ல இடங்கொடுப்பது

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கென்று கனடாவிலிருந்து வந்த ஒரு குடும்பம், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து முள்ளியவளைக்கு வர ஹயஸ் வான் ஒன்றைப் பதிந்து, பாதிப் பணத்தை முற்பணமாக வங்கியில் இட்டிருந்தது. விமானம் ஏறுவதற்கு முதல்நாள், "வான் கராச்சில நிக்குது அண்ணை, கார் ஒண்டு தரலாம்" என்று நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. வயதான தாயும் பிள்ளைகளும் பெட்டிகளும் ஒரு காருக்குள் எப்படி அடங்கும்? எரிச்சலடைந்த மகன், "சரி விடுங்கோ, நாங்கள் வேறை பாக்கிறம்" என்று வாட்ஸப்பில் பதில் போட்டுவிட்டார். பின்னர் முற்பணத்தைக் கேட்டபோது, நிறுவனம் அந்த ஒரு வரியையே படமெடுத்து அனுப்பி, வாடிக்கையாளர் ரத்துச் செய்தால் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது என்ற விதியைக் காட்டியது. வாகனத்தைத் தராதவர்கள் அவர்கள். எழுத்தில் விலகியவராக நின்றவரோ இவர். இந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை.

இப்படியொரு செய்தி வந்தால், "பதிந்த வான் இன்ன திகதி, இன்ன நேரத்துக்கு வேண்டும், தர இயலுமா, இயலாதா?" என்று மட்டும் எழுதுங்கள். தொலைபேசியில் பதில் சொன்னால், அவர்கள் சொன்னதை உடனே எழுதி அனுப்பி, உறுதிப்படுத்தக் கேளுங்கள். வேறு வாகனத்தை அதே வேளையில் தேடலாம். அதை அவர்களிடம் சொல்லத் தேவையில்லை. இயலாது என்பது எழுத்தில் வந்தபின் முழு முற்பணத்தையும் கேளுங்கள். மாற்று வாகனத்துக்குக் கூடுதலாகச் செலவானால் அதன் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தர மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். உள்ளூர்க்காரராயின், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபையையும் நாடலாம். கடனட்டையில் செலுத்தியிருந்தால் வங்கிக்கும் அறிவியுங்கள். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது எழுத்திலுள்ள ஆதாரமே.

வாகன இலக்கம் இல்லாத பதிவு

"ஹயஸ் இருக்கு" என்பது பதிவு ஆகாது. வாகன இலக்கம், இருக்கைகள், மொத்தக் கட்டணம், கிலோமீற்றர் எல்லை, சாரதியின் இரவுத் தங்கல் செலவு ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் காலத்திலும், ஆகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவை ஒட்டிய நாட்களிலும், ஒரே வானை இருவருக்கு ஒப்புக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுப்பது

கொடுக்க வேண்டாம்.

மாற்று வாகனத்தைப் பாராமல் ஏற்பது

அவசரத்தில் அனுப்பப்படும் வாகனம் பெரும்பாலும் வேறொருவருடையது. அதன் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கும் செல்லுபடியாகுமா என்று பார்த்து, பத்திரத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். மேலதிகச் சில்லில் காற்று இருக்கிறதா என்பதையும் தட்டிப் பாருங்கள். புளியங்குளம் தாண்டிய காட்டுப் பகுதியில் இரவில் சில்லுக் காற்றுப் போனால் உதவி கிடைப்பது அரிது.

வேறு வழி தெரியாமல் வந்திறங்குவது

கொழும்பு புறக்கோட்டையிலிருந்து ஏ9 வீதி வழியே யாழ்ப்பாணம் செல்லும் பேருந்துகள் வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய இடங்களில் இறக்கிவிடும். அங்கிருந்து வீடு வரைக்கும் உள்ளூர் வாகனம் ஒன்றை உறவினரைக் கொண்டு முன்னரே பேசிவைக்கலாம்.