கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தி கறுக்கும்போது செய்யக்கூடாதவை

ஆசைப்பட்டு ஓப்பினெல் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் கார்பன் ஸ்டீல் மடக்குக் கத்தி வாங்குவார்கள், முதல் ஆப்பிளை நறுக்குவார்கள், சிறிது நேரத்தில் பளபளவென்றிருந்த அலகில் சாறு பட்ட இடமெல்லாம் சாம்பலும் நீலமுமாகத் திட்டுகள் வந்துவிடும். கத்தி கெட்டுவிட்டது என்று பதறிப்போய்க் கம்பி நாரை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிடுவார்கள். பலரும் செய்கிற பெரிய தவறு இதுதான். தேய்த்து எடுப்பது அழுக்கை அல்ல, கத்தி தனக்குத்தானே போட்டுக்கொள்ளத் தொடங்கிய சட்டையை.

அந்தக் கத்தியின் எஃகு எக்ஸ்சி90 வகை, அதில் சுமார் 0.9 சதவீதம் கார்பன். ஸ்டெயின்லெஸ் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 10.5 சதவீதமாவது குரோமியம் இருக்க வேண்டும், இதில் அந்த அளவு கிடையாது. அதனால் இரும்பு நேரடியாகவே பழச்சாற்றின் அமிலத்தோடும் வெங்காயத்தின் கந்தகத்தோடும் வினைபுரிந்து மெல்லிய கரும்படலமாகப் படிகிறது. பாட்டினா என்று சொல்வது இதைத்தான். வாழைக்காய் நறுக்கி நறுக்கிக் கறுத்துப்போன பழைய இரும்பு அரிவாள்மனையைப் பார்த்திருந்தால் இது உங்களுக்குப் புதிதே அல்ல.

துருவையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சந்தேகம் வந்தால் வெள்ளைத் துணியில் துளி எண்ணெய் விட்டு அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மஞ்சள் கறை வந்தால் அது துரு. அது பொருபொருவென்று ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே அரித்துக்கொண்டே போகும், விட்டுவைக்கக் கூடாது. எண்ணெய் தொட்ட மிக மென்மையான எஃகு நாரால் அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்து எடுங்கள், சுற்றியுள்ள கருமையைத் தொடாதீர்கள். சாம்பல், நீலம், கறுப்பு என்றால் அப்படியே இருக்கட்டும்.

அடுத்தது அவசரம். ஒரே நாளில் கறுக்க வைக்கிறேன் என்று அலகை வினிகரில் இரவு முழுக்க ஊறப் போடுகிறார்கள். காலையில் பார்த்தால் நிறம் வந்திருக்கும், ஆனால் அமிலம் கூர் விளிம்பையும் அரித்திருக்கும், கத்தி தக்காளித் தோலில்கூட வழுக்கும். வினிகர்தான் வேண்டும் என்றால் முதலில் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை முழுக்கப் போகக் கழுவுங்கள், விரல் ரேகை இருந்தால்கூட அங்கே நிறம் பிடிக்காது. வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த துணியால் பத்து, பதினைந்து நிமிடம் அலகை மட்டும் சுற்றி வைத்து, அப்புறம் ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுக் கூரைத் தீட்டிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இது எதுவுமே வேண்டாம். சூடான இறைச்சியை நறுக்கும்போது தானாக வருகிற அந்த மயில் நீலத்தை எந்த வினிகரும் தராது. துப்பாக்கிக் குழாய்க்குப் பூசும் கறுப்பு ரசாயனத்தைத் தடவுகிறவர்களும் உண்டு. அவற்றில் பலவற்றில் செலினியம் இருக்கிறது, சாப்பாட்டில் படுகிற கத்திக்கு அது ஆகவே ஆகாது.

கறுத்துவிட்டது, இனிக் கவலையில்லை என்று நினைப்பதும் தவறுதான். படலம் துருவை மெதுவாக்கும், தடுத்து நிறுத்தாது. எலுமிச்சை நறுக்கிவிட்டு ஈரத்தோடு மடக்கிப் பையில் போட்டால் துரு வரத்தான் செய்யும், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வராது, அலகு சுழலும் அச்சாணிக்குள்ளே வரும். ஓப்பினெலின் கைப்பிடி பீச் (beech) மரம், தண்ணீரில் ஊறினால் உப்பிக்கொண்டு கத்தியைத் திறக்கவே விடாது. அதனால் பாத்திரத்தோடு சேர்த்துத் தொட்டியில் போடாதீர்கள், டிஷ்வாஷர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். தோல் உறையில் மாதக்கணக்கில் வைப்பதும் ஆகாது, தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தீட்டியபின் விளிம்பில் மட்டும் படலம் போய் வெள்ளி மாதிரி மின்னும், துரு முதலில் பிடிப்பதும் அங்கேதான். பயன்படுத்தியதும் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒரு சொட்டு எண்ணெய், அச்சாணியிலும் ஒரு சொட்டு, அவ்வளவு போதும். சமையல் எண்ணெய் பல நாளானால் பிசுக்காகி அலகு ஒட்டிக்கொள்ளும், உணவுக்கு ஏற்ற மினரல் எண்ணெய் நல்லது.

கடற்கரையில் மீன் சுத்தம் செய்யத்தான் கத்தி என்றால் கார்பன் வேண்டாம். உப்பு இந்தப் படலத்தைத் துளைத்துக் குழி போடும். அதே ஓப்பினெலில் இனாக்ஸ் என்று ஸ்டெயின்லெஸ் வருகிறது, அதை வாங்குங்கள்.