வாட்டர் சாஃப்ட்னர் கழிவுநீர்: வாழைக்கு ஆகாத தண்ணீர்

டெல்டா வீடுகளில் கொல்லைக்குப் போகாத தண்ணீர் ஏது? பாத்திரம் கழுவியது வாழைக்கு, குளித்தது தென்னைக்கு, அரிசி களைந்தது மாட்டுக்கு. அந்தப் பழக்கத்தில்தான் எங்கள் வீட்டில் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் மெஷின்) மாட்ட வந்தவர், அதன் கழிவுநீர் வரும் டிரெயின் குழாயை நேராக வாழைப்பக்கம் திருப்பிவிட்டார். தண்ணீர் வீணாகவில்லையே என்று நானும் சும்மா இருந்தேன். சில மாதத்தில் இலை ஓரமெல்லாம் தணலில் வாட்டியதுபோல் காய்ந்து சுருண்டது. தூரைச் சுற்றி மண்ணில் வெள்ளையாக ஒரு பொருக்கு. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு!

மெஷினுக்குள் இருக்கும் ரெசின் என்ற பிளாஸ்டிக் போன்ற மணிகள், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்ததும் உப்புக் கரைசலால் அலசினால்தான் மறுபடி வேலை செய்யும். அலசிய தண்ணீர்தான் டிரெயினில் வருவது. 25 லிட்டர் ரெசின் உள்ள மெஷின் என்றால் ஒரு அலசலுக்குச் சுமார் 3 கிலோ உப்பு, நூறு நூற்றைம்பது லிட்டருக்குக் குறையாத தண்ணீர். வாரம் ஒருமுறை என்று வைத்தாலும் வருடத்துக்கு 150 கிலோ, அதாவது மூன்று மூட்டை உப்பு. அதை யாராவது வாழைத்தூரில் கொட்டுவார்களா?

மரத்தோடு போனாலும் பரவாயில்லை, மண்ணும் கெடும். நம் பக்கம் பெரும்பாலும் களிமண். அதில் சோடியம் ஏறினால் மண்ணின் கட்டமைப்பு குலைந்து துளைகள் அடைத்துக்கொள்ளும். நனைந்தால் கொழகொழ சேறு, காய்ந்தால் கல். 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நாகப்பட்டினத்து வயல்களில் ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீரைத் தேக்கித் தேக்கி வடித்தது இந்தச் சோடியத்தை வெளியேற்றத்தான். கொல்லைக்கு அந்த வைத்தியமெல்லாம் யார் பார்ப்பது?

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. மழைநீர் சேகரிப்புக் குழியில் விடுவது. 2003-இல் கட்டாயமாக்கிய பிறகு வீட்டுக்கு வீடு ஒரு குழி இருக்கிறது, பல இடங்களில் போர்வெல்லுக்குப் பக்கத்திலேயே. 'இங்கேயே விட்டால் பூமிக்குள் போய்விடும்' என்கிறார்கள். போகும்தான், உங்கள் போருக்கே. அதே தண்ணீரை மேலே இழுத்து, இன்னும் அதிக உப்புப் போட்டு அலசிக்கொண்டே இருக்கலாம். அடுத்த வீட்டுக் கிணறு என்ன பாவம் செய்தது?

செப்டிக் டேங்க்கில் விடலாமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. என் கருத்து, முடிந்தவரை வேண்டாம். அடியில் படிய வேண்டியதை ஒரே மூச்சில் வரும் அவ்வளவு தண்ணீர் கலக்கி வெளியே தள்ளிவிடும். அது போய்ச் சேரும் உறிஞ்சு குழி களிமண்ணில் ஏற்கெனவே மெதுவாகத்தான் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்து குழி தானாகவே தளும்பி நிற்கும்போது இதுவும் சேர்ந்தால் வாசலில் நாற்றம்தான்.

வாய்க்காலிலோ குளத்திலோ விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கீழே யாரோ நாற்றங்கால் போட்டிருப்பார்கள். இளம் நாற்று உப்பைத் தாங்காது. சுவரோரமும் கூடாது. செங்கல் ஈரத்தோடு உப்பையும் ஏற்றிக்கொண்டு, பூசிய காரை பூத்து உதிரும்.

சரி, எங்கேதான் விடுவது? தஞ்சாவூர், கும்பகோணம் மாதிரிப் பாதாள சாக்கடை உள்ள ஊர் என்றால் அந்த இணைப்பில் விடுங்கள். இல்லாத ஊரில், சுவரையும் கிணற்றையும் வாய்க்காலையும் தொடாமல் தெருச் சாக்கடைக்குப் போக வழி இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் உப்பைக் குறைப்பதுதான் வழி. தோட்டத்துக் குழாய்க்கும் கக்கூஸுக்கும் எதற்கு மென்னீர்? ஹீட்டர், வாஷிங் மெஷின், குளியலறை லைனுக்கு மட்டும் மாட்டினால் அலசல் பாதியாகக் குறையலாம். கடினத்தன்மையைச் சோதிக்காமல் உத்தேசமாக செட்டிங் வைத்தாலும் உப்பு வீண்தான். அப்புறம், வேதாரண்யம் பக்கம்போல் போர் தண்ணீரே உவர்ப்பு என்றால் சாஃப்ட்னர் அந்த உவர்ப்பை எடுக்காது. வாங்குவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இடம் சரியாக இருந்தும் குழாயில் கோட்டை விடுபவர்கள் உண்டு. டிரெயின் ஓஸின் நுனியைச் சாக்கடைத் துளைக்குள் சொருகி, சிமென்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். லைனில் அழுத்தம் விழும்போது சாக்கடைத் தண்ணீர் பின்னோக்கி ஏற வாய்ப்பு உண்டு. நுனிக்கும் துளைக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும். மெஷினின் டிரெயின் வாய் அளவைவிடச் சின்ன ஓஸ் போடக்கூடாது, நடுவில் வால்வும் கூடாது. உப்புக் கரைசல் இருக்கும் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாயை இதோடு ‘T’ இணைப்பு போட்டு இணைக்கவும் கூடாது. டிரெயினில் அழுத்தத்தோடு வரும் தண்ணீர் தொட்டிக்குள்ளேயே திரும்பிவிடும்.

ஓஸை இறுக்கிக் கட்டவும் வேண்டும். பல மெஷின்கள் நள்ளிரவு 2 மணிக்குத்தான் அலசும். கட்டாத ஓஸ் முதல் வேகத்தில் துள்ளி வெளியே விழுந்து, விடியும்வரை தரையில் ஊற்றிக்கொண்டிருக்கும். மாட்டிய வாரமே ஒரு பகலில் பட்டனை அழுத்தி அலசவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். ஒரு வாளியை வைத்து எத்தனை வாளி வருகிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் சாக்கடை அத்தனையையும் வாங்குமா என்று அப்போதே தெரிந்துவிடும்.