மார்க்ஸ் குறைந்தால் இன்னொரு கிளாஸா? உயர்தர மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தவணைப் பரீட்சை மார்க்ஸ் வந்த வாரம் கொழும்பில் எந்த உயர்தர மாணவர் வீட்டுக்குப் போனாலும் ஒரே பதற்றம், ஒரே தீர்வு. போன வருட பட்ச் செய்ததையே இந்த வருட பட்சும் செய்கிறது. போனைக் குறை, நேரத்துக்குச் சாப்பிடு என்ற புத்திமதிகள் எல்லாருக்கும் மனப்பாடம், அவற்றை விட்டுவிடுவோம். கீழே இருப்பவை கெட்டிக்காரப் பிள்ளைகளே போய் விழும் இடங்கள்.

மார்க்ஸ் குறைந்ததும் இன்னொரு கிளாஸ்

இரசாயனவியலுக்கு 48. அன்றிரவே அம்மா யாருக்கோ கோல் எடுக்கிறார். "அவங்கட மகன் வெள்ளவத்தையில புதுசா ஒரு சேரிட்டப் போறானாம். நீயும் போய்ப் பாரன்." ஏற்கெனவே டியூஷனில் தியரி கிளாஸ் ஒன்று, ரிவிஷன் ஒன்று. இனி பேப்பர் கிளாஸும் சேரும். ஒரு பாடத்துக்கு மூன்று டியூஷன் சேர்!

எல்லாத் தவறுகளிலும் எரிச்சலூட்டுவது இதுதான். பயத்தில் எடுக்கும் முடிவு, பார்க்க அக்கறை மாதிரி இருக்கும். அதனால் வீட்டில் ஒருவரும் மறிக்கமாட்டார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணித்தியாலம். நித்திரை நாளுக்கு எட்டு, மொத்தம் 56. பாடசாலை காலை 7.30 முதல் 1.30 வரை, ஐந்து நாளுக்கு 30. போக வர ஒரு 10. குளிக்க, உடுக்க, சாப்பிட, வீட்டு வேலைக்கு நாளுக்கு மூன்று வீதம் 21. மிச்சம் 51.

உயிரியல் பிரிவு மாணவி ஒருத்தி மூன்று பாடத்துக்கும் தியரி, ரிவிஷன் என்று ஆறு கிளாஸ் போகிறாள் என்று வைப்போம். கிளாஸ் மூன்று மணித்தியாலம், கொட்டாஞ்சேனையிலிருந்து காலி வீதி நெரிசலில் போய்வர ஒன்றரை. ஆறுக்கும் 27 போக, கையில் 24. கிளாஸில் இருந்த ஒவ்வொரு மணிக்கும் அதே வாரத்தில் தனியே ஒரு மணி உட்கார வேண்டும், இல்லாவிட்டால் படித்தது நிற்காது. அதற்கு 18. ஆறு மணித்தியாலம் மூச்சுவிட இருக்கும்.

இதில் மூன்று பேப்பர் கிளாஸைச் சேர்த்தால் இன்னும் 13.5 போய்விடும். மிச்சம் 10.5, தேவையோ 27. குறைகிற 16.5 மணித்தியாலம் நித்திரையிலிருந்துதான் வரும், நாளுக்கு இரண்டே கால் மணிக்கு மேல். அல்லது வரவே வராது. அப்போது மேசையில் தொடாத டியூட் (கிளாஸில் தரும் பயிற்சித்தாள்) அடுக்கு உயரும். மனஅழுத்தம் என்று பிள்ளை சொல்வதில் பெரும்பங்கு அந்த அடுக்கைப் பார்க்கும்போது வருகிற குற்ற உணர்ச்சிதான்.

சேர் பலகையில் கணக்கைச் செய்யும்போது எல்லாமே விளங்கும். வெற்றுத்தாளை வைத்துத் தனியே தொடங்கினால் இரண்டாவது வரியில் நின்றுவிடும். விளங்குவது வேறு, ஞாபகத்திலிருந்து எடுப்பது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை. மூன்றாவது கிளாஸ் முதலாவதைத்தான் திரும்பவும் தருகிறது.

புது சேரைத் தேடமுன், திருத்திய விடைத்தாளை எடுங்கள். இழந்த மார்க்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் போடுங்கள். பாடமே தெரியாமல் போனது சிவப்பு, தெரிந்தும் எழுத வராதது நீலம், நேரம் போதாமலோ கேள்வியைப் பிழையாக வாசித்தோ போனது பச்சை.

ஆசிரியர் தேவைப்படுவது சிவப்புக்கு மட்டும். அதற்கும் புதியவர் வேண்டாம். எந்த அலகு, எந்தப் படி என்று எழுதிக்கொண்டு போனால் பாடசாலை மிஸ்ஸிடம் இடைவேளையில் பதினைந்து நிமிடம் போதும். நீலத்துக்கு நோட்டை மூடிவிட்டு, பத்து நிமிடம் வெற்றுத்தாளில் வருவதையெல்லாம் எழுதுங்கள். பிறகு நோட்டைத் திறந்து விடுபட்டதை வேறு நிறப் பேனையால் நிரப்புங்கள். அடுத்த நாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து அதையே திரும்பச் செய்யுங்கள். பச்சைக்கு மணிக்கூடுதான் மருந்து. பல்தேர்வில் 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம், அதாவது வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். 25 வினாவை ஒரு மணித்தியாலத்தில் செய்து பழகுங்கள்.

ஏற்கெனவே கூடிப்போயிருந்தால், கடைசி நான்கு டியூட்டும் வெறுமையாகக் கிடக்கிற கிளாஸை விடுங்கள். மாத முடிவில் விடுங்கள், இடையில் விட்டால் கட்டின காசைப் பற்றிய சண்டைதான் வரும். "எல்லாரும் போறாங்களே" என்கிற அப்பாவோடு வாதாடிப் பிரயோசனமில்லை. மேலே உள்ள 168 மணிக் கணக்கை உங்கள் எண்களோடு ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், நான்கு வாரத் தவணை கேளுங்கள். நான்காவது வாரம் ஒரு பாஸ்ட் பேப்பரை நேரம் பிடித்துச் செய்து அந்த மார்க்ஸையும் காட்டுங்கள்.

மூன்று மணி அலாரம்

13 முதல் 18 வயதுவரை எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை வேண்டும். இந்த வயதில் உடலின் கடிகாரமே பிந்தித்தான் ஓடும், ஆகவே எட்டரைக்குப் படுத்தாலும் நித்திரை வராது. பன்னிரண்டுக்குப் படுத்து மூன்றுக்கு எழும்புகிறவருக்குக் கனவு நித்திரையில் பெரும்பகுதி போய்விடும், அது விடியப்புறத்தில்தான் கூட வருவது. ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழும்புவது நடக்கக்கூடிய ஏற்பாடு. பிளேன்டீயை நாலு மணியோடு நிறுத்துங்கள். குடித்த கஃபீனில் பாதி ஐந்து மணித்தியாலம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

பதறும்போது வேகமாக மூச்சிழுப்பது

"நல்லா மூச்சை இழு" என்பார்கள். பிள்ளையும் வேகவேகமாக இழுக்கும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலை சுற்றும், விரல் விறைக்கும், பயம் இரட்டிப்பாகும். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வேலை செய்வது அந்த நீண்ட வெளிமூச்சு. ஐந்து நிமிடம், தினமும். பரீட்சை மண்டபத்தில் முதன்முதலாகச் செய்தால் கைகொடுக்காது.

கிளாஸ் மார்க்ஸை ஒப்பிடுவது

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லாரது புள்ளியும் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற அளவால்) வகுத்தது. மூன்று பாடத்தினதும் இசட் புள்ளிகளின் சராசரியே கடைசியில் வருவது. பேப்பர் கடினமென்றால் 62 உச்சம், இலேசென்றால் சாதாரணம். வேறு சேரின் பேப்பரில் நண்பன் எடுத்த 75ஐ வைத்து அழுவதில் அர்த்தமில்லை.

பரீட்சைக்கு முதல் நாள் வட்சப் குரூப்

மாலை ஆறோடு மியூட்.

எல்லாவற்றுக்கும் "சோம்பல்" என்று பெயர் வைப்பது

இது பெற்றோருக்கு. பாடசாலை நாட்களில் மட்டும் வரும் வயிற்றுவலி, இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருப்பது, பிடித்த கிரிக்கெட்டில்கூட ஈடுபாடு போய்விடுவது, இவை தெரிந்தால் அட்டவணை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். கோயிலில் நூல் கட்டுவதென்றால் கட்டுங்கள், அதற்காக வைத்தியரைத் தள்ளிப்போடாதீர்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரச வைத்தியசாலை, காசில்லை. தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம். சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929. "செத்துப்போனா நல்லம்" என்று பிள்ளை விளையாட்டாகச் சொன்னாலும், தனியே விடாமல் பக்கத்தில் இருந்துகொண்டு அன்றைக்கே எடுங்கள்.